பணவீக்கம் 69.8 வீதம், தெருவில் வெற்றி ஊர்வலம்: நெருக்கடிக்குள் மகிழ்ச்சி எப்படி இயங்குகிறது?

2022 செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. டுபாயில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை கிரிக்கெட் அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. அதே நாளில் சிங்கப்பூரில் இலங்கை மகளிர் வலைப்பந்தாட்ட அணியும் ஆசியச் சாம்பியன் ஆனது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடிய அணி அது. இரண்டு நாள் கழித்து கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு வரை திறந்த பேருந்தில் வீரர்கள் வந்தார்கள். வீதியின் இரு பக்கமும் சனம்.

அதே செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபாய் கொடுக்க வேண்டும். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பணவீக்கம் உச்சத்தைத் தொட்டதே அந்த மாதந்தான்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒட்டவில்லை. "சாப்பாட்டுக்கே வழியில்லை, இதில் ஊர்வலம் வேறா?" என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். "எதையும் தாங்கும் மக்கள்" என்று புகழ்ந்தவர்கள் மறுபக்கம். முதலாவது சனத்தைப் பொறுப்பற்றவர்கள் ஆக்குகிறது. இரண்டாவது அவர்களுடைய வலியை இல்லை என்று ஆக்குகிறது. துன்பம் கூடினால் மகிழ்ச்சி குறையத்தான் வேண்டும் என்ற கணக்கிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன. அந்தக் கணக்குப் பிழை. ஏன் பிழை என்பதை உளவியல் ஆய்வுகள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

## முதலில், என்ன நெருக்கடி?

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், அதே ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்ட பெரிய வரிக் குறைப்பு, கொரோனாவால் படுத்துவிட்ட சுற்றுலாத்துறை, 2021இல் ஒரே இரவில் வந்த இரசாயன உரத் தடை. இவை அடுத்தடுத்து விழ, ஏற்கெனவே கடனில் இருந்த நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில், செலவழிக்கக்கூடிய டொலர் கையிருப்பு 5 கோடிக்கும் கீழே என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

டொலர் இல்லையென்றால் எண்ணெய்க் கப்பல் சரக்கை இறக்காது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஜூன் 27 அன்று, அத்தியாவசிய சேவைகள் தவிர மற்ற யாருக்கும் பெற்றோல், டீசல் விற்பனை இல்லை என்று இரண்டு வாரத்துக்கு நிறுத்தினார்கள். உலக வங்கியின் கணக்கில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது.

## வரிசைக்குள் நடந்தது

அந்த மாதங்களின் வாழ்க்கையை வரிசை என்ற ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். எரிவாயு சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து வீதியோரம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பெற்றோல் வரிசையில் முச்சக்கர வண்டிக்குள்ளேயே நாட்கணக்கில் படுத்தார்கள். வெயிலில் மயங்கி விழுந்து வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு.

அதே வரிசைகளில் கரம் பலகை வந்தது. வாகனம் நகராத வீதியில் கிரிக்கெட் நடந்தது. ஜூன் மாதத்தில் கொழும்பு வோர்ட் பிளேஸ், விஜேராம மாவத்தைப் பகுதியில் வரிசையில் நின்றவர்களுக்குத் தட்டில் பணிஸும் தேநீரும் கொண்டுவந்து நீட்டியவர் ரொஷான் மஹாநாம. 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் ஆடியவர். ஒரு பணிஸ் யாருடைய தாங்கியையும் நிரப்பப் போவதில்லை. ஆனாலும் நின்றவர்களின் முகம் மாறியது படங்களில் தெரிகிறது.

கொழும்பு காலிமுகத்திடலில் இன்னும் பெரிதாக ஒன்று நடந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று ஏப்ரல் 9 அன்று தொடங்கிய போராட்டக் களம் சில நாட்களில் கூடாரங்கள், நூலகம், இலவசச் சமையலறை எல்லாம் கொண்ட சிற்றூராகி, 'கோட்டாகோகம' ('கோட்டா போ' கிராமம்) என்று பெயரும் பெற்றது. ஏப்ரல் 14 அன்று அங்கேயே தமிழ், சிங்களப் புத்தாண்டுக்குப் பாற்சோறு பொங்கினார்கள். அது நோன்பு மாதமும்கூட. மாலையில் முஸ்லிம்களோடு எல்லாரும் சேர்ந்து இஃப்தாருக்கு உட்கார்ந்தார்கள். மே 9 அன்று ஆளுந்தரப்பு ஆதரவாளர்கள் புகுந்து கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள்; போராட்டக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களை நினைத்து அதே மண்ணில் கஞ்சி காய்ச்சிப் பகிரப்பட்டது. கொழும்பின் நடுவே, சிங்களவர்களும் சேர்ந்து நின்று அப்படியொரு நினைவேந்தல் நடப்பது அபூர்வம். பாற்சோற்றுக்கும் கஞ்சிக்கும் இடையில் ஐந்து வாரம்.

இதையெல்லாம் கொண்டாட்டம் என்பதா, துக்கம் என்பதா? இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. அடுத்து வரும் விளக்கத்துக்கு இதுதான் அடிப்படை.

## மகிழ்ச்சியும் துயரமும் ஒரு தராசின் இரு தட்டுகளா?

ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மன அழுத்தம் பற்றிய ஆய்வுகளும் வெகுகாலம் அப்படித்தான் நடந்தன. துன்பத்தை மட்டும் அளந்தார்கள். மிச்சம் இருப்பது மகிழ்ச்சி என்று விட்டுவிட்டார்கள்.

இதை உடைத்த ஆய்வு சான் பிரான்சிஸ்கோவில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது. எயிட்ஸுக்கு மருந்து சரியாக அமையாத காலம். சாகும் தறுவாயில் இருந்த தங்கள் துணைவர்களைப் பராமரித்த ஆண்களை சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளரின் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சந்தித்து, அவர்களுடைய கஷ்டங்களை விபரமாகக் கேட்டு எழுதியது. சிறிது காலத்தில் பங்கேற்றவர்களே குறை சொல்லத் தொடங்கினார்கள். கஷ்டத்தை மட்டுமே கேட்கிறீர்கள், எங்களுக்கு நடக்கும் நல்லதைப் பற்றி ஏன் ஒரு கேள்வியும் இல்லை என்பது முறைப்பாடு. குழு கேள்வித்தாளை மாற்றியது: அந்த நாளைக் கடக்க உதவிய, மனதுக்கு இதமான ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

கிட்டத்தட்ட எல்லாரிடமும், எல்லா நேர்காணலிலும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. விசேடமாகச் சமைத்த ஒரு சாப்பாடு, எதிர்பாராமல் வந்து நின்ற நண்பர், வழியில் கண்ட ஒரு பூ. இவர்கள் கவலையற்றவர்கள் அல்ல. மனச்சோர்வு அளவுகோலில் பொதுமக்களை விட மிக மேலேதான் இருந்தார்கள். ஆனாலும் துணைவர் இறந்ததை ஒட்டிய நாட்களைத் தவிர, மற்ற நேரங்களில் நல்ல உணர்வுகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு அடிக்கடி வந்துபோயின. ஆக, துயரமும் மகிழ்ச்சியும் தனித்தனி அளவுகள். ஒன்று உயரும்போது மற்றது கட்டாயம் இறங்க வேண்டியதில்லை; இரண்டும் சேர்ந்தே உயரலாம்.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்த நல்ல கணங்களில் பல தற்செயலாக வந்தவை அல்ல, அவர்களே உண்டாக்கிக்கொண்டவை. மற்றவை எந்த நாளிலும் நடக்கும் சாதாரண விடயங்கள். அந்த நாளில் அவர்கள் அவற்றுக்குப் பொருள் ஏற்றியிருந்தார்கள். வரிசைக்குக் கரம் பலகையைத் தூக்கி வந்தவரும் இந்த முதல் வகைக்காரர்தான்.

## சின்ன மகிழ்ச்சிக்கு என்ன வேலை?

பயத்தின் பயன் எல்லாருக்கும் தெரியும்: ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்யும். சிரிப்பால் என்ன பயன் என்பதற்கு நீண்ட காலம் சரியான பதில் இருக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் 1998இல் முன்வைத்த கருத்து இன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சாரம் மூன்று.

1. பயமும் கோபமும் கவனத்தைக் குறுக்கும். ஆபத்து எதிரே நிற்கும்போது அது தேவை. ஆனால் மாதக்கணக்கில் நீளும் நெருக்கடியில் அந்தக் குறுகல் புதிய வழிகளைக் கண்ணில் படவிடாது. இலேசான மகிழ்ச்சி கவனத்தை மறுபடி விரிக்கிறது.

2. அப்படி விரிந்த நேரத்தில் மனிதர் சேர்த்துக்கொள்பவை, அதாவது அறிமுகம், நட்பு, கைவேலை, தகவல், உணர்வு அடங்கிய பிறகும் கையில் இருக்கும். வரிசையில் முன்னால் நின்றவரோடு சிரித்துப் பேசியவருக்கு அடுத்த கிழமை எந்த நிலையத்துக்கு பவுசர் (எரிபொருள் தாங்கி வண்டி) வருகிறது என்று தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் இருக்கும்.

3. பதற்றத்தால் ஏறிய உடல் வேகம் சீக்கிரம் தணிகிறது. ஆய்வுகூடத்தில் மாணவர்களிடம், உடனே ஓர் உரையைத் தயார் செய்யுங்கள் என்று சொல்லி இதயத்துடிப்பை ஏற்றினார்கள். பிறகு சிலருக்குக் கடலலை, சிலருக்கு நாய்க்குட்டி, சிலருக்கு உணர்வு எதையும் தூண்டாத காட்சி, சிலருக்கு சோகக் காட்சி என்று திரையில் காட்டினார்கள். அலையையும் நாய்க்குட்டியையும் பார்த்தவர்களின் உடல்தான் முதலில் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஆய்வுகூடப் பதற்றமும் அரிசி இல்லாத வீட்டின் பதற்றமும் ஒன்றல்ல என்பது நியாயமான ஆட்சேபம். ஓரளவுக்கு விடையாக 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் வந்த ஆய்வு இருக்கிறது. தாக்குதலுக்கு முன்பே தற்செயலாக அளவிட்டு வைத்திருந்த மாணவர்களை அடுத்த வாரங்களில் இதே குழு மறுபடி சந்தித்தது. நன்றாகத் தாங்கிக்கொண்டவர்களுக்கும் கோபம், பயம், துக்கம் எல்லாம் இருந்தன. அவற்றோடு நன்றியுணர்வு, அன்பு, ஆர்வம் ஆகியவையும் இருந்தன என்பதே வேறுபாடு. மனச்சோர்வு அவர்களிடம் குறைவாக இருந்ததற்கு இந்த இரண்டாவது பட்டியல்தான் காரணமாகத் தெரிந்தது. ஆய்வு சிறியது, அமெரிக்க மாணவர்களை மட்டும் கொண்டது. ஆனாலும் ஃபோக்மனின் முடிவோடு அது ஒத்துப்போகிறது.

## 'எதுவும் நம் கையில் இல்லை'

மனிதரை உடைப்பதில் துன்பத்தின் அளவை விட, அதில் தம்முடைய பிடி எவ்வளவு என்பதற்குப் பங்கு அதிகம். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை புகழ்பெற்றது. நிறுத்த வழியே இல்லாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்பும் வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்தன. அதற்கு 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள்.

அதே இருவரும் 2016இல், மூளை பற்றிய புதிய ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப்போவது கற்றுக்கொள்ளப்படுவதல்ல, அது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரானது: 'என்னால் இதில் ஏதோ செய்ய முடிகிறது' என்பதை மூளையின் முன்பகுதி கண்டுபிடிக்கும்போது அந்த முதல் எதிர்வினை அடக்கப்படுகிறது. சோர்ந்து கிடப்பவரிடம் கோளாறு தேடுவதை விட, அவர் கைக்கு எட்டும் ஒன்றைத் தேடிக்கொடுப்பது மேல் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

2022 ஓகஸ்ட் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த க்யூஆர் எரிபொருள் அட்டையை இந்தக் கோணத்தில் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. யாருக்கும் போதாத அளவுதான். ஆனால் எந்த நாளில், எவ்வளவு என்பது தெரிந்தது. கிலோமீற்றர் கணக்கில் நீண்ட வரிசைகள் சுருங்கின. எரிபொருள் வரத்து சற்றுச் சீரானதும் இதற்கு உதவியது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும், வாரத்தைத் திட்டமிட முடிகிறது என்ற ஒன்றே சனத்தின் பேச்சை மாற்றியது.

இதற்கு நேர்மாறானது, கைபேசியில் கெட்ட செய்தியை முடிவில்லாமல் உருட்டிக்கொண்டிருப்பது. 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் தினம் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களின் மன அழுத்தம், சம்பவ இடத்தில் இருந்தவர்களுடையதை விடவும் அதிகமாகப் பதிவானது. களத்தில் இருந்தவருக்குச் செய்ய ஏதோ இருந்தது, திரையின் முன் இருந்தவருக்குக் காட்சி மட்டுந்தான் என்பது என் வாசிப்பு. ரொய்ட்டர்ஸ் நிறுவகத்தின் 2024 அறிக்கைப்படி உலகில் 39 வீதமானோர் சிலவேளையோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்க்கிறார்கள். 2017இல் அது 29 வீதம். இதை ஒட்டுமொத்தமாக அக்கறையின்மை என்று திட்டுவது அவசரத் தீர்ப்பு.

## நம்பிக்கை என்றால் எது?

'எல்லாம் சரியாகிவிடும்' என்று இருப்பதை ஆய்வாளர்கள் நன்னம்பிக்கை என்று தனியே பிரிக்கிறார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் ஸ்னைடர் 1991இல் வகுத்த அளவுகோல் நம்பிக்கையை வேறு விதமாக வரையறுக்கிறது. அடைய விரும்பும் ஓர் இலக்கு, அதற்குப் போகும் வழிகள் (ஒன்று அடைபட்டால் இன்னொன்று), அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற உந்துதல். மூன்றும் சேர்ந்தால்தான் நம்பிக்கை. இதில் 'நடந்தே தீரும்' என்ற உறுதிக்கு இடமில்லை.

கோட்டாகோகமவின் பெயரிலேயே இலக்கு இருந்தது: ஜனாதிபதி கோட்டாபய போக வேண்டும். வழி அடைபட்டபோதெல்லாம் வேறு வழி தேடப்பட்டது. பெற்றோல் இல்லாத ஜூலை 9 அன்று சைக்கிளிலும், இரயிலிலும், நடந்தும் கொழும்புக்கு வந்தார்கள். அவர் ஜூலை 14 அன்று பதவி விலகினார். அதன் அரசியல் விளைவு எவ்வளவு, எவ்வளவு காலம் என்பது வேறு விவாதம். ஜூலை 22 அதிகாலையில் இராணுவம் புகுந்து களத்தைக் கலைத்ததும் நடந்தது. மூன்று மாதத்துக்கு மேல் சனம் சோராமல் நின்றதற்குக் கோபம் மட்டும் போதியிருக்காது. பாட்டும் நூலகமும் சமையலறையும் களத்தின் அலங்காரம் என்று எழுதியவர்கள், களத்தைத் தாங்கிய தூணைத்தான் அலங்காரம் என்றார்கள்.

## சிகிச்சையாகும் அன்றாடம்

மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று முழுக்க இந்த அன்றாடத்தின் மீதே நிற்கிறது. மனம் சரியானால் வேலை செய்வேன் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த, அர்த்தமுள்ள சிறு வேலைகளை நாள் குறித்துத் தொடங்குவது. மனம் பின்னால் வரும். கோயிலுக்குப் போவது, பக்கத்து வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்றவை அந்தப் பட்டியலில் வரலாம்.

இந்தியாவின் கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். நோயாளியைச் சந்தித்தது ஆறு முதல் எட்டுத் தடவை. 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் கடும் மனச்சோர்விலிருந்து விடுபட்டவர்கள் இந்தக் குழுவில் 64 வீதம், வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 வீதம். ஏழை நாடுகளுக்கு மனநல மருத்துவர்கள் போதாது என்ற நிலையில் இது சின்ன எண் அல்ல.

## இந்த விளக்கம் எங்கே நின்றுவிடுகிறது?

1. பசிக்கு மகிழ்ச்சி மாற்றாகாது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அதுவரை எந்த ஆண்டிலும் போகாத எண்ணிக்கை. கிண்ணம் வந்த சந்தோசத்தில் யாரும் கடவுச்சீட்டு வரிசையிலிருந்து விலகவில்லை.

2. 'எங்கள் மக்கள் எதையும் தாங்குவார்கள்' என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் கவனமாக இருக்க வேண்டும். தாங்க வைத்தவர் யார் என்ற கேள்வியை அந்தப் பாராட்டு ஓசையில்லாமல் அப்புறப்படுத்திவிடும். மக்களின் தாங்குதிறன் அரசாங்கத்தின் சாதனைப் பட்டியலில் வரக்கூடாத ஒன்று.

3. துக்கத்தில் இருப்பவரிடம் 'நல்லதைப் பார்' என்பது இந்த ஆய்வுகளின் முடிவு அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் சொன்ன நல்ல கணங்கள் அவர்களாகவே தேடிக்கொண்டவை, யாரும் புத்தி சொல்லித் திணித்தவை அல்ல. அதுவும் மரணத்தை ஒட்டிய நாட்களில் நல்ல உணர்வுகள் துயரத்துக்கு ஈடாக வரவில்லை.

4. சிலருக்கு மகிழும் திறனே அற்றுப்போகும். பிடித்த சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, பழைய நண்பர் எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேலாக உள்ளே இறங்கவில்லை என்றால், அது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மனத்திடத்தில் குறை என்று அதைச் சொல்வது பிழை. அந்த நிலையில் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக வேண்டும். இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இந்தியாவில் டெலி மானஸ் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.